நூல் விடாத துணி

பிப்ரவரி 3, திங்கள்

இன்று என்னை அழுக்கு என்று சொல்லிவிட்டார்கள். நேராகச் சொல்லவில்லை. நேராகச் சொல்லியிருந்தால் நானும் நேராகவே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அரிசி, மீன், கொக்கோ, கீரை, குழந்தைகளுக்கான மாவு என்று கடையில் விற்பதையெல்லாம் வாங்கிவந்து அமிலத்தில் கரைத்து, அதில் ஈயம் இருக்கிறதா, பாதரசம் இருக்கிறதா, ஆர்சனிக் இருக்கிறதா என்று மெஷினில் ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கான குப்பிகளைக் கழுவுவது என் வேலை. ஒன்பது வருடமாக அதுதான். ஒவ்வொரு முறையும் ஒரு குப்பியில் மட்டும் உணவு எதையும் போடாமல், வெறும் அமிலமும் தண்ணீரும் விட்டு ஓட்டுவார்கள். அதற்குப் பெயர் பிளாங்க். அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் அது உணவிலிருந்து வந்தது இல்லை, நம்மிடமிருந்து வந்தது.

இன்று வந்தது. ஈயம்.

மெஷின் அறைக்குத் தலைமை பூஜ்யம் மேடம். பிளாங்கில் பூஜ்யம் வராத நாளில் மதியம் சாப்பிடமாட்டார், அதனால் அந்தப் பெயர். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "குப்பி யாரு கழுவினது?" என்று கேட்டார். இந்தக் கட்டடத்தில் குப்பி கழுவுவது நான் ஒருத்திதான். அது அவருக்குத் தெரியாதா?

என் வீட்டுத் தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம். என் கையிலா அழுக்கு?

பிப்ரவரி 4, செவ்வாய்

தங்கை இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிறது, தலை வலிக்கிறது, படியேறினால் கண்ணைக் கட்டுகிறது என்கிறாள். மாப்பிள்ளைக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் அவர் கைப்பட்டு ஓடுகிறது, எங்கள் நாலு மாடி வீட்டு லிஃப்ட் மட்டும் எட்டு மாதமாக நிற்கிறது. சொன்னால் சிரிக்கிறார்.

தங்கைக்கு இது ஆறாவது மாதம். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, முப்பத்தெட்டு வயதில். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது, எனக்குப் பதினெட்டு. அன்றிலிருந்து அவள் தட்டில் என்ன விழுகிறது என்பது என் பொறுப்பு. கல்யாணம் ஆகியும் என்னைத் தன்னோடே வைத்துக்கொண்டாள்.

போன வாரம் டாக்டர் ரத்தம் குறைவாக இருக்கிறது என்றார். அதனால் சாயங்காலப் பாலில் சிட்டிகை போட்டுக்கொண்டிருந்த மஞ்சளைக் கால் ஸ்பூன் ஆக்கிவிட்டேன். குழம்பிலும் தாராளமாகவே போடுகிறேன். கடையில் விற்கும் தூளை ஒரு வருடமாக நான் தொடுவதே இல்லை. அதில் என்னத்தைக் கலக்கிறார்களோ! முழுக் கிழங்காக, நல்ல பளிச்சென்று இருப்பதாகப் பொறுக்கி வாங்கி, நானே அரைத்து நானே சலிக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

பிப்ரவரி 5, புதன்

இன்றும் ஈயம்.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். அமிலத் தொட்டியில் ஓர் இரவு ஊறவைத்து, மூன்று முறை அலசி, குப்பியைக் கவிழ்த்து வை, தானாகக் காயட்டும், துடைக்காதே. இது விதி. ஆனால் ஜனவரி கடைசியில் வந்த புதுக் குப்பிகளில் காய்ந்ததும் உள்ளே வட்டவட்டமாக நீர்த்தடம் நிற்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் ஒரு குச்சியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு ஒரு சுழற்று சுழற்றுகிறேன். சாதாரணத் துணி இல்லை. வீட்டில் மாவும் தூளும் சலிக்க வைத்திருக்கும் மெல்லிய மல் துணி, ஒரு நூல்கூட விடாது. கொதிக்கும் நீரில் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்துக் கொண்டுபோகிறேன். குப்பி கண்ணாடி மாதிரி மின்னுகிறது.

அப்புறம் ஈயம் எங்கிருந்து வருகிறது? அந்த அமிலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

இரண்டு மடங்கு கழுவினேன். இரண்டு மடங்கு துடைத்தேன். நேற்றைவிட அதிகமாக வந்திருக்கிறதாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

மேடம் எல்லோரையும் கூட்டி நிற்கவைத்துக் கேட்டார். "குப்பிக்குள்ள யாராவது துணி, பேப்பர், எதையாவது விட்டுத் துடைக்கிறீங்களா? தப்பில்லை, சொல்லிடுங்க. எனக்குக் காரணம் தெரிஞ்சா போதும்."

"இல்ல மேடம்." எல்லோருக்கும் முந்திக்கொண்டு என் வாய்தான் சொன்னது. யோசிக்கவே இல்லை. ஒன்பது வருடத்தில் இந்த இடத்தில் நான் சொன்ன முதல் பொய் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் துணிக்கும் ஈயத்துக்கும் என்ன சம்பந்தம்? கொதிக்கவைத்த துணி!

பிப்ரவரி 10, திங்கள்

சந்தேகம் தராசு அண்ணன் பக்கம் திரும்பிவிட்டது. மாதிரிகளை எடைபோட்டு அமிலம் ஊற்றுவது அவர். ஐம்பத்தேழு வயது. கை லேசாக நடுங்குகிறது, அதனால் எங்கேயோ பட்டு எதுவோ உள்ளே விழுகிறது என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்களாம்.

"கை நடுங்குறது நெசம்தான்மா," என்றார் சாப்பிடும்போது. "ஆனா ஈயம் எப்படி வரும்? நான் என்ன பேட்டரியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வேலை காலியிருக்கிறது என்று ஒன்பது வருடத்துக்கு முன்னால் எனக்குச் சொன்னவர் இவர்தான்.

பிப்ரவரி 12, புதன்

அண்ணனைப் பழைய காகிதங்கள் வைக்கும் அறைக்கு மாற்றுகிறார்களாம். அடுத்த வாரத்திலிருந்து. தராசின் மேல் உறை போட்டு மூடிவிட்டு, அந்த உறையை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். நான் பார்த்துவிட்டேன்.

தங்கை பாலில் பாதியை வைத்துவிட்டாள். "கசக்குதுக்கா." அதட்டிக் குடிக்க வைத்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் துணியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். "மேடம், நான்தான் துடைச்சேன். இந்தத் துணியாலதான். அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல." ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். திட்டுவார், சீட்டைக் கிழிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கையுறை போட்டுக்கொண்டு துணியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். ஓரத்தில் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. அது எத்தனை துவைத்தாலும் போகாது.

நகம் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி அமிலத்தில் போட்டார். "நாளைக்குப் பார்ப்போம்," என்றார். அவ்வளவுதான்.

அண்ணனிடமும் போய்ச் சொன்னேன். "இதைச் சொல்ல இவ்வளவு நாளா? நான் காகித அறைக்குப் புது செருப்பே வாங்கிட்டேனே!" என்றார். கோபப்படாமல் இருக்க இவருக்கு எங்கிருந்துதான் வருகிறது?

பிப்ரவரி 14, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மெஷின் அறைக்குள் முதல்முறையாக என்னைக் கூப்பிட்டார்கள். துணித் துண்டின் அளவைக் காட்ட முடியாமல் மெஷின் நின்றுவிட்டது. அத்தனை ஈயம். நூறு மடங்கு தண்ணீர் சேர்த்து மறுபடி ஓட்டிய பிறகுதான் எண்ணே வந்தது. மேடம் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இந்தத் துணியில என்ன சலிப்பீங்க?"

"மஞ்சள் மேடம். வீட்டுல அரைச்சது."

"வீட்டுல யார் யார் சாப்பிடறீங்க?"

யார் யார். நான், மாப்பிள்ளை, தங்கை. தங்கை வயித்துல—

ஐயோ. என் கையால. நானே கலந்து, நானே ஆத்தி, குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னு. கசக்குதுன்னு சொன்னாளே. ஏழாம் தேதி வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தா ஆறு நாள் பால் மிச்சம். ஆறு கிளாஸ். நான் அதட்டிக் குடிக்க வெச்சது.

மேடம் தண்ணீர் கொடுத்தார். அவரே மகப்பேறு டாக்டருக்குப் போன் செய்தார். அப்புறம் விதியை மீறியதற்கு மெமோவும் கொடுத்தார். ஒரு கையால் மெமோவை நீட்டி, இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

மதியமே வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான். "நீயும்தானே சாப்பிட்ட? உனக்கும் டெஸ்ட் எடுத்தாங்களாக்கா?"

இவளை எனக்குக் கொடுத்ததற்கு யாரிடம் நன்றி சொல்வது?

பிப்ரவரி 15, சனி

வீட்டிலிருந்த கிழங்குகளை மேடம் ஓட்டிப் பார்த்தார். மேல்தோலில்தான் அத்தனையும். உள்ளே வெட்டிய துண்டில் ஏதோ பேருக்கு. பழசாகி மங்கிய கிழங்கைப் பளிச்சென்று காட்ட ஈயம் கலந்த சாயத்தைப் பூசிப் புரட்டியிருக்கிறார்களாம். தூளில்தான் கலப்படம் என்று நான் முழுக் கிழங்குக்குப் போனேன். கடையிலேயே பளிச்சென்று இருந்ததாகப் பார்த்துப் பொறுக்கினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி விஷத்தை வாங்கியிருக்கிறேன்.

கெட்டுப்போன சோறு நாறும். பூசணம் பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். இதற்கு மணமும் இல்லை, குணமும் இல்லை. அழகு மட்டும்தான் கூடுதல்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை. ஈயத்தின் அளவு தங்கைக்கு இருபத்திரண்டு. எனக்குப் பதினாறு. மாப்பிள்ளைக்கு ஒன்பது, அவர் பாதி நாள் வெளியில் சாப்பிடுவதால். ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம்.

டாக்டர் படபடவென்று பேசுபவர். ஆனால் இரண்டு முறை சொன்னார், "வந்ததைப் பத்தி இப்ப அழ வேணாம். இனிமே வராம நிறுத்தியாச்சில்ல? அதுதான் பெரிய மருந்து." வயிற்றுவலியும் தலைவலியும் ரத்தக்குறைவும் கர்ப்பத்தால்தான் என்று தானும் நினைத்துவிட்டதாக அவராகவே சொன்னார். ஈயம் உடம்புக்குள் போனால் சுண்ணாம்புச் சத்து மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். பிள்ளை வளர எலும்பு சத்தைக் கொடுக்கும்போது அதுவும் சேர்ந்து கிளம்புமாம். அதனால் கால்சியம், இரும்பு மாத்திரை. மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும்.

"பிள்ளைக்கு?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"பொறந்ததும் பார்ப்போம். ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் கொடுக்க மாட்டேன். ஆனா மூணு மாசம் இருக்கு. அதைச் சும்மா விடப் போறதில்லை."

பிப்ரவரி 20, வியாழன்

மாப்பிள்ளை என்னிடம் பேசுவதில்லை. அடுக்களை டப்பாக்களை எல்லாம் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். "கொஞ்ச நாள் சமையலை நான் பாத்துக்கறேன்," என்றார் சுவரைப் பார்த்து. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முப்பது வருடத்தில் முதல்முறையாகக் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

மாப்பிள்ளை வடித்த சோற்றால் போஸ்டர் ஒட்டலாம். தங்கை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு முழுவதும் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 1, சனி

கடைக்காரரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவது என்றுதான் கிளம்பினேன். மேடம் தகவல் சொன்னதில் உணவுத் துறை ஆட்கள் ஏற்கெனவே வந்து மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்கள். மனுஷன் கடைக்கு நடுவில் சாக்குகளைப் பிரித்துப் போட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"மொத்த வியாபாரி கொடுத்ததும்மா. எனக்கென்ன தெரியும்? பக்கத்துச் சாக்குல மங்கலா இருந்துச்சு, அது வேணாம்னு மூஞ்சியைச் சுளிச்சது நீங்கதானே? எல்லாரும் பளிச்னுதான் கேக்கறீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இதையேதான் நாங்களும் சாப்பிட்டோம். வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைங்க," என்றார்.

ரத்தப் பரிசோதனை எங்கே எடுப்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

நான் குப்பி துடைத்த நாட்களில் ஓட்டிய மாதிரிகள் மொத்தம் நூற்று நாற்பது. அத்தனையையும் மேடமும் அண்ணனும் மறுபடி ஓட்டி இன்று முடித்தார்கள். என்னால் யாருடைய நல்ல சரக்கும் கெட்டதென்று போய்விடக் கூடாது என்பதற்காக. நான் குப்பிகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே இருந்தேன். நீர்த்தடத்தோடு. பிளாங்க் பூஜ்யம். மேடம் சாப்பிடப் போனார். அண்ணன் தன் இடத்திலேயே இருக்கிறார், புதுச் செருப்போடு.

நீங்கள் இருவரும் நூறு வயது இருக்க வேண்டும். முகத்துக்கு நேரே சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 20, வியாழன்

பதினைந்து. தங்கைக்குத் தலைவலி நின்றுவிட்டது. இன்று நாலு மாடியும் நிற்காமல் ஏறினாள்.

ஏப்ரல் 9, புதன்

அவள் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். "என் மேல கோவம் இல்லையாடி?" என்று கேட்டேன். எத்தனையோ நாளாகக் கேட்க நினைத்தது.

"இருந்துச்சு. ரெண்டு நாள்," என்றாள். "அப்புறம் யோசிச்சேன். எனக்கு ஒம்பது வயசுலேர்ந்து நீ குடுத்த சோத்துலதான் இந்த உடம்பே வந்திருக்கு. அதுல ஒரு வருஷத்தை மட்டும் எப்படிப் பிரிக்கிறது?"

எண்ணெய்க் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டேன். எரிந்து தொலைத்தது.

ஏப்ரல் 24, வியாழன்

பத்து.

மே 23, வெள்ளி

பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. அழுத அழுகையில் வராந்தாவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நன்றி, நன்றி, நன்றி. யாருக்கு என்று தெரியவில்லை, எல்லோருக்கும்.

மே 24, சனி

தொப்புள்கொடி ரத்தத்தில் எட்டு. பூஜ்யம் இல்லை. பூஜ்யம் வரும் என்று ஏதோ ஒரு மூலையில் நம்பியிருக்கிறேன் போலிருக்கிறது, எண்ணை மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தது மாப்பிள்ளை.

"பிப்ரவரியில நிறுத்தாம இருந்திருந்தா இது எங்கேயோ போயிருக்கும்," என்றார் டாக்டர். "இனிமே குறையும். வளர்ச்சியைக் கவனிச்சுக்கிட்டே வரணும். உக்கார்றது, பேசறது, எல்லாத்தையும்."

டாக்டர் போன பிறகு மாப்பிள்ளை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று மாதத்துக்கு அப்புறம் அவர் பேசிய முதல் முழுப் பேச்சு இது. "அக்கா, நீங்க அந்தத் துணியை ஆபீசுக்குக் கொண்டு போகலேன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது. அது புரியுது. ஆனா நீங்க குடுத்த பாலை நெனச்சா வயிறு எரியுது. ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்க எனக்கு இன்னும் தெரியல."

"எனக்கும் தெரியல," என்றேன்.

டீ வாங்கி வந்து கொடுத்தார். இருவரும் குடித்தோம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கழுத்து நன்றாக நிற்கிறது. சத்தம் வரும் பக்கம் திரும்புகிறாள். நான் தும்மினால் சிரிக்கிறாள். டாக்டர் நோட்டில் ஒவ்வொன்றாக டிக் போட்டார். அந்தப் பேனா காகிதத்தில் படும் வரை நான் மூச்சே விடவில்லை. எண் ஐந்து.

நவம்பர் 21, வெள்ளி

குழந்தைக்கு மூன்று. தங்கைக்கு நாலு. டாக்டர் இனிமேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். நாளை மறுநாளிலிருந்து தாய்ப்பாலோடு கொஞ்சம் மசித்த காய் கொடுக்கச் சொன்னார்.

நவம்பர் 23, ஞாயிறு

தங்கை கேரட் வேகவைத்து வழவழவென்று மசித்தாள். மாப்பிள்ளை குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். நான் தள்ளிப்போய் ஜன்னலோரமாக நின்றுகொண்டேன். என் இடம் அதுதான் என்று பழகிவிட்டது.

"அக்கா, அங்க என்ன பண்றீங்க? வந்து ஊட்டுங்க," என்றார் மாப்பிள்ளை.

"நானா?"

"பின்ன யாரு? எனக்குக் கை காலி இல்ல. இவளுக்கு வெளியே சிந்தாம ஊட்டத் தெரியாது."

தங்கை கிண்ணத்தை நீட்டிக்கொண்டே இருந்தாள். கையைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். ஸ்பூன் நுனியில் பட்டும் படாமலும் எடுத்து அந்தச் சின்ன வாயருகே கொண்டுபோனபோது என் கை தராசு அண்ணன் கையைவிட மோசமாக நடுங்கியது. குழந்தை என் முகத்தைப் பார்த்தது, ஸ்பூனைப் பார்த்தது, வாயைத் திறந்தது.

மூன்று வாய் சாப்பிட்டாள். நாலாவதை என் மேல் துப்பினாள். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அழுதேன், மறைக்கவில்லை.

மாப்பிள்ளை குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தார். "நாளைக்குப் பூசணிக்காய் குடுத்துப் பாப்போம். நான் சீக்கிரம் கெளம்பணும். காலையில நீங்களே வேகவெச்சிடுங்கக்கா," என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போனார்.

அலாரத்தை ஐந்தரைக்கு வைத்திருக்கிறேன்.